சம்பந்தியம்மாவோடு பேசக் கற்றது

என் மகளின் மாமியார் போன் திரையில் நிறைய நேரம் பேசினார். கையை அசைத்து, தலையைச் சாய்த்து, நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டும் பேசினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எங்களைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்கம்மா" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதாம்மா."

"கண்ணத் தொடச்சாங்களேடி."

"அது குளிருக்கு. அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும்."

மகள் சென்னையில் இன்ஜினியரிங் படித்து, ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு வேலைக்குப் போனவள். கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். அங்கேயே பதிவுத் திருமணம். நாங்கள் நெய்வேலியில், குவார்ட்டர்ஸ் ஹாலில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் வரும், அவரோடு எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். அவருடைய அம்மாவுக்கு ஜப்பானிய மொழி மட்டும்தான் தெரியும். கணவரை இழந்தவர். மகன் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் தனியாக இருக்கிறார். காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்சல் கட்டும் வேலைக்குப் போகிறார். இவ்வளவும் மகள் சொல்லித் தெரிந்துகொண்டது. சம்பந்தியம்மா வாயிலிருந்து நேராக எனக்கு வந்து சேர்ந்தது என்று எதுவும் இல்லை.

போனை வைத்த பிறகு என் வீட்டுக்காரரிடம், "அவங்க ஒரு கதையே சொன்னாங்க. இவ ஒத்த வரியில முடிச்சிட்டா" என்றேன்.

அவர் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் பகுதியில் ஷிப்ட் பார்க்கிறவர். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்பில் இத்தனை வருஷம் இருந்தும் ஊர்ப்பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. "அவளும் என்னா பண்ணுவா? ரெண்டு பக்கத்துக்கும் பேசிகினே இருந்தா வாய் வலிக்காதா?" என்றார்.

"அப்ப நானே பேசிக்கறேன்."

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, எனக்கு ஆங்கிலமே தட்டித் தடவித்தான் வரும். ஆனால் அடுத்த நாள் காலையிலும் அந்த எண்ணம் அப்படியே இருந்தது.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எதையும் எழுத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கைப்பழக்கம். ஜப்பானிய எழுத்துகளின் அட்டவணையை வடலூரில் ஒரு கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி, சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டினேன். குழம்பு கொதிக்கும்போது ஒரு வரிசை, அரிசி களையும்போது ஒரு வரிசை. சில வாரங்களில், அவர்களுடைய மூன்று வகை எழுத்துகளில் முதல் வகை எல்லாம் வந்துவிட்டது. டீச்சர் முன்னால் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி போனில் மகளிடம் ஒப்பித்துக் காட்டினேன். அவள் கை தட்டினாள். அந்த நேரம் அவள் மாமியார் வந்து சேர்ந்தார், ஏதோ சொன்னார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை.

பிறகு போனில் ஒரு செயலி. 'அந்தப் பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்', 'என் தொப்பி சிவப்பு' என்று ஆங்கிலம் வழியாகச் சொல்லிக் கொடுத்தது. சரியாகத் தட்டினால் மணி அடித்துப் பாராட்டும், ஒரு நாள் விட்டுவிட்டால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். எனக்கோ தொப்பி வைத்த பையனிடம் பேச ஒன்றும் இல்லை. 'கண்ணைத் துடைத்தீர்களே, ஏன்?' என்று கேட்க வேண்டும். அது எந்தப் பாடத்தில் வரும் என்று தேடிப் பார்த்தேன், வரவில்லை.

அடுத்து ஆன்லைன் வகுப்பு. சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் நடத்தினாள். நன்றாகத்தான் நடத்தினாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஜப்பானுக்கு வேலைக்குப் போகத் தயாராகிற நர்ஸ்கள், டிப்ளமோ பையன்கள். பரீட்சை அவர்களுக்கு உயிர். அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. கேள்வி என்னிடம் வந்தால், முதலில் தமிழில் நினைத்து, அதை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தலைகீழாகப் புரட்டி ஜப்பானிய வாக்கியமாக்குவதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வகுப்பு முடிந்ததும் திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி யோசித்தேன். ஜூன் மாதத்தில் என்னிடம் வருகிற பிள்ளைக்கு 'அ' தெரியாது. ஆனால் அதற்குத் தமிழ் தெரியும். சண்டை போடத் தெரியும், பொய் சொல்லத் தெரியும், "டீச்சர், இவன் என்னை அடிச்சிட்டான்" என்று நீட்டி முழக்கத் தெரியும். பேச்சு ஏற்கெனவே உள்ளே இருந்தது, நான் அதற்கு எழுத்தைக் காட்டிக் கொடுத்தேன். எனக்கு நானே செய்துகொண்டது வேறு. வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு, பேச்சு தானாக முளைக்கும் என்று காத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் வண்டியை உதைத்தபடி, "போயிட்டு வரேன்" என்றார். அந்த வாரம் வகுப்பில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது அங்கே சொல்கிற சொல் ஒன்றைப் படித்திருந்தோம். இத்தெகிமாஸ். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'நான் போகிறேன்' என்று போட்டிருந்தது, அப்படியே மனப்பாடம் செய்திருந்தேன். அவர் வாயிலிருந்து தமிழில் கேட்டபோது அந்தச் சொல் எனக்குள் இரண்டாகப் பிளந்தது. இத்தெ என்றால் போய். கிமாஸ் என்றால் வருகிறேன். ஆங்கிலத்துக்குள் நுழைந்து வந்ததில் அந்த 'வருகிறேன்' காணாமல் போயிருந்தது.

"என்னா, அப்படியே நின்னுகினு இருக்க?" என்றார் அவர்.

"நீங்க இப்ப சொன்னதத்தாங்க அங்கயும் சொல்றாங்க. போறேன்னு சொல்ல மாட்டாங்களாம். போயிட்டு வரேன்."

"பின்ன? கெளம்பறப்ப யாராவது போறேன்னா சொல்லுவாங்க?" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் பாடப்புத்தகத்தில் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். வடலூருக்குப் போகிறேன் என்பதில் 'கு' எங்கே நிற்கிறதோ அங்கேயே அவர்களுக்கு ஒரு 'நி' நிற்கிறது. வினை கடைசியில் வருகிறது. சாப்பிட்டுப் பார் என்று நாம் சொன்னால், அவர்களும் சாப்பிட்டு, பார் என்றே சொல்கிறார்கள். கேட்டுகினு இருக்கேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வது, 'கீதே இமாஸ்' என்று அப்படியே வரிசை மாறாமல் உட்கார்ந்துகொள்கிறது. இது தெரிந்தவர்களுக்குப் பழைய சங்கதியாக இருக்கலாம். எனக்கு அன்றைக்குத்தான் கதவு திறந்தது. ஆங்கிலத்தின் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போனது போதும், கொல்லைப்புற வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது.

அதன் பிறகு எழுத்தை ஓரமாக வைத்துவிட்டு வாயால் படிக்க ஆரம்பித்தேன். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். சின்ன வயதில் ஜெபமாலையில் மந்திரங்கள் எனக்குப் பொருள் புரிவதற்கு வெகு முன்பே வாயில் ஏறியிருந்தன. அதே மாதிரி முழு வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே பாத்திரம் துலக்கினேன். துணி காயப் போடும்போது துணி காயப் போடுகிறேன் என்றும், கருப்புத் தூசி படிந்த ஜன்னலைத் துடைக்கும்போது ஜன்னலைத் துடைக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா ஒருநாள் வேலியோரம் வந்து, "யார்கிட்டங்க பேசறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாளிலிருந்து அவரும் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார்.

ஆனால் என்னை உண்மையில் பேச வைத்தது சம்பந்தியம்மாதான். மகளிடம் சொல்லி, அவரை எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பச் சொன்னேன். ஜப்பானில் அது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லையாம், மகள்தான் அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து போகும்போது பேசி அனுப்புவார். செருப்புச் சத்தமும் ரயில்வே கேட் மணியும் கேட்கும். எனக்கு அது பள்ளி இடைவேளை. மரத்தடியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் என் மகளின் பெயர் மட்டும் புரியும். திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க, முழுசாக உருண்டு வந்த சத்தம் மெல்ல மெல்லத் தனித்தனியாகும். புரியாத இடத்தை மகளிடம் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அவரிடமே கேட்டேன். "இன்னொரு முறை, மெதுவாக" என்பதைத்தான் நான் அதிகம் சொல்லியிருப்பேன். அவர் ஒருமுறையும் சலித்துக்கொள்ளவில்லை.

தவறுகளும் நடந்தன. கேட்ட சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு. ஒருநாள் அவர் உரித்துக் கயிற்றில் கோத்துக் காயப் போட்டிருந்த ஆரஞ்சு நிறப் பழங்களைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் பழத்தின் பெயரை 'ககி' என்று எழுதி வைத்துக்கொண்டு, நம் வாய்க்கு வருகிறபடி இரண்டாவது எழுத்தை மெலிதாக்கி, "ககி ருசியா இருக்குமா?" என்று கேட்டேன். பதிலில் சிரிப்பு மட்டுமே வந்தது. மெலிதாகச் சொன்னால் அது சாவியாம். சாவி ருசியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறேன். பதிலுக்கு நான் முந்திரிப்பழத்தின் படம் அனுப்பினேன். கொட்டை வெளியே தொங்குகிற அந்தப் பழத்தை அவர் நம்பவே இல்லை, ஒட்ட வைத்ததா என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்காமல், போனைப் பார்த்துத் தனித்தனியாகச் சிரித்துப் பழகினோம்.

அப்படியே ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை. வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாவின் செய்தி வந்தது. அன்றைக்குச் செருப்புச் சத்தம் இல்லை. சின்ன வாக்கியம். நேற்று, நாங்கள் இரண்டு பேரும், எங்கேயோ போயிட்டு வந்தோம். எங்கே என்ற சொல் மட்டும் நெருடியது. ஆஸ்பத்திரிக்கும் அழகு நிலையத்துக்கும் அங்கே சொல் கிட்டத்தட்ட ஒன்று. 'ப்யோ' என்று ஒரே மூச்சில் சொன்னால் ஆஸ்பத்திரி, 'பியோ' என்று பிரித்துச் சொன்னால் அழகு நிலையம். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம்.

"ஒரு வார்த்த சரியா புரியலைங்க. ஆஸ்பத்திரியா பார்லரான்னு."

"அது ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?" என்றார். "பார்லராத்தான் இருக்கும். மாமியாரும் மருமவளும் சேந்து போயிருப்பாங்க. நீ வந்து சாப்புடு."

மறுபடி கேட்டேன். சொல்லை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டேன். அழகு நிலையத்துக்குப் போய் வந்த குரலாக அது இல்லை. இரண்டு சொல்லையும் சொல்லி, எது என்று கேட்டு அனுப்பினேன். ஒற்றைச் சொல்லாகப் பதில் வந்தது. ப்யோ-இன். ஆஸ்பத்திரி.

அடுத்து நீளமாக ஒரு செய்தி. முதல் தடவையிலேயே பாதி புரிந்தது. குழந்தை என்ற சொல் புரிந்தது. வருத்தம் என்ற சொல் புரிந்தது. உடம்பு பரவாயில்லை என்றது புரிந்தது. மகளுக்குக் கரு கலைந்திருக்கிறது. அவள் உண்டாகியிருந்ததே எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவர் ஆறுதலாகப் பேசிக்கொண்டிருக்கிறார். "எனக்குத் தெரியாது" என்று மட்டும் அனுப்பினேன். பிறகு மன்னிப்புக் கேட்கும் சொல், திரும்பத் திரும்ப.

வீட்டுக்காரர் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "என்னா சொல்றாங்க?"

"உடம்பு பரவாயில்லையாம்" என்றேன்.

சொல்லி முடித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அவ்வளவு நீளப் பேச்சை நானும் ஒரு வரியாக்கி அவர் முன்னால் வைத்திருக்கிறேன். மகளும் இத்தனை நாள் சோம்பலில் சுருக்கவில்லை. கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்க்கிறவருக்கு முழுசாகச் சொல்ல மனம் வருவதில்லை. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு, கொல்லைப்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். "அவங்கள கேளு" என்றார் திரும்பாமல். "சாப்புடுதான்னு கேளு."

கேட்டேன். கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்று பதில் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. ஸொபா நி இமாஸ். பக்கத்தில் இருக்கிறேன். அதைத் தமிழாக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, எனக்குத் தெரிந்த மொழி அதில் கால்வாசிக்குக்கூடப் போதாது. மகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அங்கே ஒரு வழக்கு இருக்கிறது. கல்யாணத்தின்போது பெண் வீட்டார் சொல்வது. அன்றைக்குச் சொல்ல எனக்கு மொழி இல்லை. அதை இப்போதுதான் சொன்னேன். குரல் உடைந்து பாதியில் நின்றது, அப்படியே அனுப்பிவிட்டேன்.

மகளை நான் கூப்பிடவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று வீட்டுக்காரரும் சொன்னார். இரண்டு மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். உடம்பு எப்படி இருக்கு என்று நான் கேட்டதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? அவங்க சொன்னாங்களா?"

"அவங்க மேல கோபப்படாத. எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டாங்க."

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..." அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நீ மொதல்ல ஜப்பானீஸ் கத்துக்கறத நிறுத்தும்மா. இங்க ஒண்ணும் ஒளிச்சு வைக்க முடியல" என்றாள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

"முதல் தடவ போன்ல பேசினப்ப, அவங்க கண்ணத் தொடச்சாங்களே. அன்னைக்கு என்னதான்டி சொன்னாங்க?"

யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒத்தப் பொண்ண இவ்ளோ தூரம் அனுப்பிட்டு எப்படி இருக்கீங்க, என் மேல உங்களுக்குக் கோவம் இல்லையான்னு கேட்டாங்க. அத உங்கிட்ட சொன்னா நீ அழுவ. அதான் சொல்லல."

அவள் உடம்பு தேறி வந்த மாதங்களில் எங்கள் இரண்டு பேரின் பேச்சும் மாறியது. படமும் பழமும் குறைந்தன. சம்பந்தியம்மா தன் கணவர் இறந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னார். நான் என் பள்ளியைப் பற்றி, வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதைப் பற்றிச் சொன்னேன். இப்போதும் எனக்கு அவர்களுடைய பட எழுத்துகளில் நூறுகூடத் தெரியாது. பரீட்சை எதுவும் எழுதவில்லை. செய்தித்தாளைக் காட்டினால் முழிப்பேன். ஆனால் அவர் குரலில் எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே வேண்டுமென்றே பேச்சை மாற்றுகிறார் என்பது தெரிகிறது.

போன மாதம் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. லீவில் இருந்த மகள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்பது அவர் எண்ணம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்தால் அவள் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள், நாலு பேரோடு இருக்கட்டும் என்றேன். இதைச் சொல்ல ஒரு காலைப் பொழுது முழுவதும் வாக்கியத்தைக் கட்டிக் கட்டிப் பார்த்தேன். மரியாதை குறையக் கூடாது, சொல்ல வந்ததும் குறையக் கூடாது. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சம்பந்திகிட்ட சண்ட போடறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றார். ஆமாம் என்றுதான் தோன்றியது. 'என் தொப்பி சிவப்பு' என்பதை வைத்துக்கொண்டு ஒருவரும் சண்டை போட முடியாது.

சம்பந்தியம்மாவின் பதில் அன்று சாயங்காலம் வந்தது. வகாரிமாஷ்தா. புரிந்தது என்று பொருள். ஒத்துக்கொண்டேன் என்கிறாரா, நீ சொன்னது காதில் விழுந்தது என்கிறாரா என்று, செய்தியைப் பலமுறை போட்டுக் கேட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. நம் ஊரிலும் "சரிங்க" என்றால் இரண்டும்தானே. மகளிடம் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. அவள் அடுத்த வாரம் தானாகவே வேலைக்குப் போனாள். அன்று பகல் சம்பந்தியம்மா அனுப்பிய செய்தியில் மழை, கடையில் கூட்டம், முழங்கால் வலி எல்லாம் இருந்தன. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழங்காலுக்கு என்ன தைலம் தேய்க்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பினேன்.